மேனேஜர் ஆகாமல் தப்பிப்பது எப்படி

"திங்கட்கிழமையிலேர்ந்து... இல்லை, இன்னிக்கே திங்கட்கிழமைதான். இன்னிக்கிலேர்ந்து நீங்கதான் இந்த லேபுக்கு மேனேஜர்," என்றார் முதலாளி.

அக்காவின் இடுக்கியிலிருந்த பல் நழுவி மேஜையில் விழுந்து, உருண்டு, தரைக்குப் போய்விட்டது.

"வேண்டாம் சார்," என்றாள்.

முதலாளி இந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. தன் அறைக் கதவைப் படாரென்று திறந்துகொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து நின்றவர் அவர். நெற்றியில் வேர்வை. மூச்சு வாங்கியது. அவருக்குப் பின்னால், கணக்கும் பார்த்து போனும் எடுக்கும் கணக்குப் பெண் வாயை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏன் வேண்டாம்?"

"எனக்கு அந்தத் தகுதி இல்லை சார்."

"லேப் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இருக்கீங்க!"

"அதான் சார் சொல்றேன். இத்தனை வருஷத்துல வராத தகுதி இனிமேலா வரப்போகுது?"

அது பல் செட் செய்யும் லேப். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இங்கே ஏழு பேர் தலை நிமிராமல் மெழுகும் பிளாஸ்டருமாகக் கிடந்து பற்களாக்கித் திருப்பி அனுப்புவார்கள். அக்கா கடைவாய்ப் பல் அமைப்பதில் கெட்டிக்காரி. அதனால் லேபில் எல்லாருக்கும் அவள் கடைவாய் அக்கா. எதிர் மேஜைக்காரன் முன்வரிசை அடுக்குபவன். அவனுக்கு முன்பல் என்று பெயர். "சிரிப்புக்கு அவன் பொறுப்பு, சாப்பாட்டுக்கு இவங்க பொறுப்பு," என்று முதலாளி டாக்டர்களிடம் பெருமை பேசுவார். பெருமை பேசுவதற்குக் காசு ஆகாது. காசு ஆகிற எதையும் அவர் செய்ததாகச் சரித்திரம் இல்லை. லேபில் டீத்தூள் டப்பாவே அவர் மேஜை டிராயரில்தான் இருக்கும்.

அப்படிப்பட்டவர் வலிய வந்து பதவியும் சம்பள உயர்வும் தருகிறேன் என்கிறார். வேறு எந்த வாரமாக இருந்தாலும் அக்கா அங்கேயே ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பாள்.

சிக்கல், சனிக்கிழமை வந்த ஒரு போனில் ஆரம்பித்தது. வீட்டுக் கடன் கேட்டிருந்த பாங்கிலிருந்து ஓர் அம்மாள் பேசினாள். "ஃபைல் மேலே போயிருக்கு மேடம். இன்னும் ஃபைனல் அப்ரூவல்தான் பாக்கி. அது வர்ற வரைக்கும் எதையும் மாத்தாதீங்க. வேலையை மாத்தாதீங்க, புதுக் கடன் வாங்காதீங்க, பெரிய சாமான் எதுவும் வாங்காதீங்க. இப்ப எப்படி இருக்கீங்களோ அப்படியே இருங்க. நாங்க உங்க ஆபீஸ்லயும் விசாரிப்போம்."

அக்கா அன்றிலிருந்து மூச்சைக்கூட அளந்துதான் விட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவள் புருஷன், மகள், மாமியார், அவள் என்று நான்கு பேர். குளியலறை ஒன்றே ஒன்று. காலை வேளைகளில் அந்தக் கதவுக்கு வெளியே துண்டும் தோளுமாக நடக்கும் சண்டைகளை மாடியிலிருந்த வீட்டுக்காரர் காபி குடித்துக்கொண்டே கேட்பார். அவர்கள் வாங்கப் பார்த்திருந்த மூன்றாம் மாடி வீட்டில் குளியலறை இரண்டு. வீடு பார்க்கப் போன அன்று மாமியார் இரண்டாவது குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு வெகுநேரம் வரவேயில்லை. கதவைத் திறந்தபோது கண் கலங்கியிருந்தது. "யாருமே தட்டலையே," என்றாள்.

அன்றைக்கே முடிவாகிவிட்டது. ஆனால் வீட்டை விற்பவர் வருகிற சனிக்கிழமை வரைதான் பொறுப்பார். அதற்குள் பாங்க் சரி என்று சொல்லாவிட்டால், கையில் பணத்தோடு இன்னொரு தம்பதி காத்திருந்தார்கள்.

திங்கள் மாலை விஷயத்தைக் கேட்டதும் புருஷனின் வலது கால் மேஜைக்கு அடியில் தரையை ஓங்கி மிதித்தது. அவர் கார் ஓட்டக் கற்றுத்தருபவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் போட்டே காலம் போனதால், பயம் வந்தால் எங்கே இருந்தாலும் அந்தக் கால் பிரேக்கைத் தேடும்.

"மேனேஜரா? பாங்க்ல நாம என்ன எழுதிக் கொடுத்திருக்கோம்? டெக்னீஷியன்! நாளைக்கு அவங்க போன் பண்ணி, டெக்னீஷியனான்னு கேட்க, இங்க யாராவது இல்லை மேனேஜர்னு சொன்னா என்ன ஆகும்? பொய் சொல்லிட்டோம்னு ஃபைலைத் தூக்கிக் கடாசிடுவாங்க!"

"பேசாம சார்கிட்ட உண்மையைச் சொல்லிடட்டுமாங்க?"

"மூச்சு விடாதே. கடன் வாங்கிட்டா நீ எங்கயும் போகமாட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சுபோயிடும். அப்புறம் ஜென்மத்துக்கும் சம்பளத்தை ஏத்தமாட்டார்."

"இப்ப ஏத்தத்தானே வர்றார்?"

"அதான் ஏத்தக் கூடாதே!"

இதற்கு மேல் யோசித்தால் தலை சுற்றும் என்று இருவரும் நிறுத்திக்கொண்டார்கள்.

"அப்பா, நான் முடி வெட்டிக்கலாமா? இல்லை அதுவும் அப்ரூவலுக்கு அப்புறம்தானா?" என்றாள் மகள்.

"குளியலறை பல்பு போயிடுச்சுடா. அதையாவது மாத்தலாமா?" என்றாள் மாமியார்.

அவர் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. கொஞ்சம் யோசித்தார்.

செவ்வாய்க்கிழமை முதலாளி அக்காவின் மேஜைக்கே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கையில் அவரே போட்ட டீ இருந்தது. அதை அவளுக்கு முன்னால் வைத்தார். லேபில் பாலிஷ் மெஷின் நின்றுவிட்டது.

"நல்லா யோசிச்சேம்மா. தகுதி இல்லைன்னு தானே சொல்றவங்களுக்குத்தான் தகுதி இருக்கு. நேத்து சொன்ன சம்பளத்துக்கு மேல இன்னும் கொஞ்சம் போட்டுத் தர்றேன்."

"வேண்டாம் சார். இருக்கறதே எனக்கு அதிகம்."

இப்படி ஒரு வாக்கியத்தை ஒரு தொழிலாளி வாயால் கேட்பது முதலாளிக்கு அதுதான் முதல் தடவை. அவர் மகிழ்ந்திருக்க வேண்டும். மாறாக முகம் வெளிறியது.

"அதிகம்னு வெளியில எங்கயும் சொல்லிடாதீங்கம்மா," என்று குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார்.

அன்று மாலை புருஷன் புது யோசனை கொடுத்தார். "அவர் உன்னை ரொம்ப நல்லவன்னு நினைச்சுட்டிருக்கார். முதல்ல அந்த நினைப்பை மாத்து."

"எதையும் மாத்தக் கூடாதுன்னாங்களே?"

"அது பாங்க்குக்குடி!"

புதன்கிழமை அக்கா வேண்டுமென்றே தாமதமாகக் கிளம்பினாள். லேபுக்கு எதிர்ப்புறம் பஸ் நிறுத்தத்தில், வந்து போன பஸ்களையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வெயில் ஏறும் வரை உட்கார்ந்திருந்தாள். உள்ளே நுழைந்தபோது ஒருவரும் முறைக்கவில்லை.

"மேனேஜர் எப்ப வேணும்னாலும் வரலாம்னு சார் சொல்லிட்டாரு அக்கா," என்றான் முன்பல்.

அவன் மேஜையைப் பார்த்தாள். வெந்நீரில் போட்டிருந்த மெழுகுத் தகடு உருகிக் கூழாகிக்கொண்டிருந்தது. அவன் போனில் யாரோ யாரையோ துரத்தும் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கெட்ட பெயர் வாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று அவளுக்குத் தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினாள்.

"வேலை நேரத்துல என்னடா சினிமா? பல்லு இல்லாம ஒரு மனுஷன் அங்க கஞ்சி குடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கான், நீ இங்க பல்லை இளிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே! வை போனை!"

லேப் உறைந்தது. முன்பல் போனை வைத்தான். அவன் பக்கத்தில் இருந்தவனும் வைத்தான். போனே இல்லாத ஒருவன் கையிலிருந்த பிரஷ்ஷை வைத்துவிட்டு மறுபடியும் எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அங்கே மெஷின் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. வாரக்கணக்கில் தேங்கிக் கிடந்த மூன்று செட்டுகள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே பெட்டியில் ஏறிவிட்டன.

கதவு நிலையில் சாய்ந்து நின்று இதைப் பார்த்த முதலாளிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"இதுக்குத்தாம்மா இத்தனை வருஷமா காத்துக்கிட்டிருந்தேன்," என்றார்.

மதியம் தச்சர் வந்தார். ஹாலின் மூலையில் அளவெடுத்து, பலகை அடித்து, ஓர் அறை எழுப்ப ஆரம்பித்தார். யாருக்கு என்று கேட்க அக்காவுக்குத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை அவள் தன் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். முன்பல்லைத் தனியாக அழைத்து, "எனக்கு இந்தப் பதவி வேண்டாம். நீ இளவயசு. பார்க்கவும் லட்சணமா இருக்கே. உன் பேரைத்தான் சார்கிட்ட சொல்லப்போறேன்," என்றாள்.

சொல்லப்போகிறேன் என்றுதான் சொன்னாள். அவன் காதில் சொல்லியாகிவிட்டது என்று விழுந்தது. தலையைப் படிய வாரினான். பெண்டாட்டிக்குப் போன் செய்தான். சொந்தக் காசில் கேக் வாங்கி வந்து எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்தான். பாதி எழும்பியிருந்த அறைக்குள் போய், மரத்தூளுக்கு நடுவே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, வெளியே போகும் பார்சல்களை இனி தானே பார்த்து அனுப்புவதாக அறிவித்தான். அனுப்பவும் செய்தான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு டாக்டரிடமிருந்து போன் வந்தது. அவர் குரல் ரிசீவரைத் தாண்டி லேப் முழுக்கக் கேட்டது.

"என் பேஷண்ட்டுக்கு ரெண்டு மேல் செட் அனுப்பியிருக்கீங்க! கீழே என்னத்தைய்யா வைக்கறது?"

முதலாளி ரிசீவரைப் பிடித்தபடி திருதிருவென்று விழித்தார். அக்காவுக்குக் கை தானாக நீண்டது. ரிசீவரை வாங்கினாள். டாக்டரைச் சமாதானப்படுத்தி, ஒரு மேல் செட் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியது என்று சொல்லி, அங்கே தவறிப் போயிருந்த கீழ் செட்டை வரவழைத்து, இரண்டையும் இடம் மாற்றி, ஆளுக்கொரு வேலை ஏவி, மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. தச்சர் உட்பட அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பல் அந்த அறையிலிருந்து ஓசைப்படாமல் வெளியே வந்து தன் மேஜைக்குப் போய்விட்டான்.

"கையெழுத்து மட்டும் போட்டுடுங்கம்மா," என்றார் முதலாளி. கையில் பேனா தயாராக இருந்தது.

"ஒரு வாரம் டைம் கொடுங்க சார்."

"ஒரு வாரமா? நாளைக்குள்ள வேணும்!" அவர் குரல் உடைந்தது. "வேற லேப்ல கூப்பிடறாங்களா?"

"இல்லை சார்."

"அப்ப என் மூஞ்சி பிடிக்கலையா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லை சார்."

"பின்ன என்னதாம்மா வேணும் உங்களுக்கு? கார் வேணுமா? கார்கூடத் தர்றேன். பழைய கார்தான், ஆனா ஓடும்."

அந்தக் கடைசி வார்த்தையில் அவர் கொஞ்சம் அவராகத் தெரிந்தார். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் தாழ் போட்ட கதவுக்குள்ளிருந்து கண் கலங்கி வந்த மாமியாரை நினைத்துக்கொண்டு, பேனாவைத் தொடாமல் பாலிஷ் மெஷினைப் போட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் உள்ளே நுழைந்தபோது மூலை அறை தயாராகியிருந்தது. கதவில் பளபளவென்று ஒரு பித்தளைப் பலகை. மேலே அவள் பெயர், கீழே 'மேலாளர்'. அந்த நேரம் பார்த்து அவள் போன் ஒலித்தது.

"மேடம், பாங்க்லேர்ந்து. இன்னிக்கு எங்க ஆளு ஒருத்தர் உங்க ஆபீஸுக்கு ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போவார். அவர் சரின்னு சொன்னா சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லிடுவோம்."

அக்கா தன் மேலங்கியைக் கழற்றி அந்தப் பலகைமேல் மாட்டினாள்.

மேஜைக்குத் திரும்பி ஒரு பல்லை எடுப்பதற்குள் முதலாளி வந்தார். மேலங்கியைப் பார்த்தார். எடுத்து ஆணியில் தொங்கவிட்டார். பலகையைக் கைக்குட்டையால் துடைத்தும் வைத்தார். அவர் போனதும் அக்கா எழுந்து போய் மறுபடியும் மாட்டினாள். மறுபடியும் அவர் எடுத்தார். இப்படி அந்த மேலங்கி காலை முழுக்கக் கதவுக்கும் ஆணிக்குமாக அலைந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் மட்டும் வேறெங்கோ பார்த்தார்கள்.

பாங்க்காரர் வந்தபோது மேலங்கி கதவில் இருந்தது. மெலிந்த உருவம், தோளில் பை, யாரையும் நம்பாத கண்கள். முதலாளி வாசலுக்கே ஓடிப்போய் வரவேற்றார். அவரை உள்ளே அழைத்துக்கொண்டு வந்த முதலாளி, நேர் வழியை விட்டுவிட்டு ஏனோ மூலை அறை வழியாகச் சுற்றினார். கதவருகே வந்ததும் கால் இடறியவர்போலச் சாய்ந்தார். மேலங்கி அவர் தோளோடு போய்விட்டது.

அக்கா பாய்ந்தாள். பாங்க்காரர் திரும்புவதற்குள் கதவுக்கு முன்னால் போய் நின்று, பலகையை முதுகால் மறைத்துக்கொண்டு சிரித்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா," என்றார் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு.

"இங்கயே நல்லா காத்து வருது சார்."

மூடிய கதவிலிருந்து எப்படிக் காற்று வரும் என்று பாங்க்காரர் ஒரு கணம் யோசித்ததுபோல் இருந்தது. பிறகு பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்தார்.

"கடன் கேட்டிருக்கிறது நீங்கதானே மேடம்?"

போச்சு, முதலாளிக்குத் தெரிந்துபோயிற்று! அக்கா ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா சார்," என்றாள்.

"போன்ல பேசினபடி எல்லாம் அப்படியேதானே இருக்கு? எதுவும் மாறலையே?"

"ஒண்ணுமே மாறலை சார்!" என்றாள் அக்கா.

"ஒண்ணுமே மாறலை சார்!" என்றார் முதலாளி.

இரண்டு குரலும் ஒரே நேரத்தில் வந்து மோதிக்கொண்டன. அக்கா திகைத்து அவரைப் பார்த்தாள். அவர் திகைத்து அவளைப் பார்த்தார். பாங்க்காரர் இருவரையும் பார்த்தார். காகிதத்தில் ஒரு கோடு கிழித்து, பையை மூடி, "நல்ல ஒத்துமை," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

முதலாளி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு பாடாய்ப் படுத்தியும், தனக்காக அந்த நேரத்தில் கூசாமல் பொய் சொன்னாரே! பதவி கொடுத்ததையே மறைத்தாரே! இப்படி ஒரு தங்கமான மனிதரையா டீத்தூள் கஞ்சன் என்று கேலி பேசினோம்?

சாயங்காலம் போன் வந்தது. "வாழ்த்துகள் மேடம். ஃபைனல் அப்ரூவல் ஆயிடுச்சு."

அக்கா பிளாஸ்டர் தூசியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உடனே புருஷனுக்குப் போன் செய்தாள். அவர் யாருக்கோ பாடம் நடத்திக்கொண்டு காரில் இருந்தார். செய்தியைக் கேட்டதும், எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு, அவர் கால் பிரேக்கிலிருந்து மேலே வந்தது. ஓட்டிக்கொண்டிருந்த அம்மாள் காரை ஒரு குப்பைத் தொட்டியின்மேல் மெதுவாக ஏற்றி நிறுத்தினாள்.

"ஒண்ணும் ஆகலை, ஒண்ணும் ஆகலை. ரெண்டு குளியலறை!" என்று அவர் அந்த அம்மாளிடம் கத்துவது போனில் கேட்டது.

அக்கா முகத்தைக் கழுவினாள். தலையைச் சரிசெய்துகொண்டாள். இனி எதை வேண்டுமானாலும் மாற்றலாம், மேனேஜராகவும் ஆகலாம். முதலாளி அறைக்கு நடந்தாள். அறை காலியாக இருந்தது. வாசலை ஒட்டிய மேஜையில் கணக்குப் பெண் மட்டும் கிளம்புவதற்காகக் கைப்பையை மூடிக்கொண்டிருந்தாள்.

"சார் எங்கம்மா?"

"வீட்டுக்குப் போயிட்டாருக்கா. தலை கிறுகிறுன்னு வருதாம். படுத்தாத்தான் சரியாகுமாம்."

"எல்லாம் என்னாலதான். வாரம் பூரா அலையவிட்டுட்டேன்." அக்கா தயங்கினாள். "அந்த மேனேஜர் வேலை... இன்னும் இருக்கா? நான் ஏன் வேண்டாம் வேண்டாம்னு ஓடினேன்னு பாவம் அவருக்குத் தெரியாது."

கணக்குப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐந்து நாளாக அடக்கிவைத்திருந்த சிரிப்பு விரல்களுக்கு இடையே பீறிட்டது.

"அவர் ஏன் விடாம துரத்தினார்னு உங்களுக்கும் தெரியாதேக்கா! திங்கட்கிழமை காலையில பாங்க்லேர்ந்து போன் பண்ணி, இந்தச் சம்பளத்துக்கு இவ்வளவு கடன் தர முடியாதேன்னு இழுத்தாங்க. இவர் சட்டுனு 'அவங்கதான் எங்க மேனேஜர்'னு அடிச்சுவிட்டுட்டார், அந்தப் பொய்யை மெய்யாக்கத்தான் மனுஷன் வாரம் பூரா உங்க பின்னாடி ஓடினார்!"